ஒத்திகைப் பிரதியைக் காப்பாற்றி வைப்பது எப்படி?

பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் என் வீட்டின் இரும்பு பீரோவில், மேல்தட்டில், 1983-ஆம் ஆண்டைச் சேர்ந்த கோடு போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. அதன் பதினேழாம் பக்கத்தில் வேலையிழந்த ஆலைத் தொழிலாளி தன் மகனிடம் பேசும் அரைப் பக்க வசனம் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, ஓரத்தில் எங்கள் நாடக வாத்தியாரின் கையெழுத்தில் "இருமல் மட்டும் போதும்" என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்த அரைப் பக்கத்தை மனப்பாடம் செய்ய நான் நான்கு நாள் பாடுபட்டிருந்ததால் அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. மேடையில் இருமிவிட்டுத் தலையைக் குனிந்தபோது, தகரக் கொட்டகையில் கடலை கொறித்துக்கொண்டிருந்தவர்களின் கைகள் நின்றதைப் பார்த்த பிறகுதான், அடிக்கப்பட்ட வசனத்துக்கும் அடித்த கோட்டுக்கும் இடையில் என்ன நடந்தது என்பது புரிந்தது. அந்த நாடகம் பின்னாளில் அச்சானபோது அரைப் பக்க வசனம் முழுமையாக இடம்பெற்றது, இருமல் இடம்பெறவில்லை.

நாடகங்களைச் சேர்த்துவைக்க விரும்பும் நடிகர்களுக்கும் சிறு குழுக்களுக்கும் என் நாற்பது ஆண்டுப் பழக்கத்திலிருந்து சில வழிமுறைகளை இங்கே எழுதுகிறேன். நூலகருக்கு இவற்றில் சில ஒப்பாதவையாகத் தோன்றலாம். நூலகர் சுத்தமான பிரதியைத் தேடுவார். நடிகன் தேட வேண்டியது அழுக்கான பிரதியை. ஆகவே முதல் விதி இதுதான்: பழைய பிரதி கையில் கிடைத்தால் அதிலுள்ள எந்தக் கிறுக்கலையும் ரப்பரால் அழிக்காதீர்கள், எந்தப் பக்கத்தையும் "தெளிவாக எழுதிவைக்கிறேன்" என்று மாற்றி எழுதிவிட்டுப் பழையதைக் கிழித்தெறியாதீர்கள்.

எதைச் சேர்ப்பது என்ற கேள்விக்கு வருவோம். அச்சிட்ட நாடக நூல்களை வாங்குவது எளிது, அவையும் வேண்டும். ஆனால் எல்லா நூலும் மேடைக்காக எழுதப்பட்டதல்ல. 1891-இல் வெளிவந்த பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் படிப்பதற்கென்றே எழுதப்பட்ட கவிதை நாடகம். அதன் பாயிரத்திலுள்ள வாழ்த்துப் பாடலை நாம் பள்ளிக்கூட நாளிலிருந்து தினமும் பாடியிருந்தும், நாடகத்தைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. அதே 1891-இல்தான் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அவருடைய உரைநடை நாடகங்களை வாசித்தால், எழுதியவர் தானே மேடையேறி நடித்தவர் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். எவர் எந்தப் பக்கமிருந்து வருகிறார், உடை மாற்ற எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதெல்லாம் காட்சி வரிசையிலேயே கணக்கிடப்பட்டிருக்கும். இவ்விரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒரு காட்சி வீதம் உரக்கப் படித்துப் பாருங்கள். ஒரு மாலை நேரத்தில் கிடைக்கும் இந்தப் பாடத்தைப் பல பயிற்சிப் பட்டறைகளில் நான் பெற்றதில்லை.

சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களும், தெருக்கூத்துப் பிரதிகளும் வேறு வகை. வடசென்னைக்காரர்களுக்கு இதில் ஓர் உரிமையே உண்டு: கர்ணமோட்சம் போன்ற கூத்துகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஊரெங்கும் அனுப்பிய இரத்தின நாயகர் ஸன்ஸ் பதிப்பகம் நம் கொண்டித்தோப்பில்தான் இருந்தது. அந்தப் பழுப்புத் தாள் புத்தகங்களில் விருத்தம், தரு என்னும் பாட்டு வகைகளும் வசனமும் எல்லாம் இருக்கும். பாத்திரங்களை அறிவித்து வேடிக்கையும் பேசும் கட்டியக்காரனுக்கு மட்டும் பேச்சு மிகக் குறைவாக இருக்கும். அச்சுப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். கட்டியக்காரன் அந்தந்த ஊருக்கு ஏற்ப, அன்றன்று, கூட்டத்தின் முகத்தைப் பார்த்துப் பேசுபவன். அவனுடைய பேச்சை அச்சில் பிடிக்க வழியில்லை. சுவாமிகளின் வள்ளி திருமணத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கமும் அப்படித்தான். தனித்தனியாக நடிகர்களை அழைத்துப் போடும் ஸ்பெஷல் நாடகத்தில் நாயக வேடமான ராஜபார்ட் ஓர் ஊர், நாயகி வேடமான ஸ்திரீபார்ட் ஓர் ஊர், கோமாளியான பபூன் வேறோர் ஊர். ஒத்திகையே இல்லாமல் அன்றிரவு மேடையில்தான் சந்திப்பார்கள். அச்சிட்ட நூல் அவர்களுக்கு ஒரு பொது ஒப்பந்தம் மாதிரி. எனவே இவ்வகை நாடகங்களைச் சேர்ப்பவர் நூலை வாங்கியதோடு நின்றுவிடாமல், ஆடி மாதத்தில் அம்மன் கோயில் தெருக்களில் கூத்து நடக்கும்போது அந்த நூலைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அச்சில் இல்லாமல் மேடையில் சொல்லப்படுவதை ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். குறிப்பின் கீழே தேதியும் தெருவின் பெயரும் அவசியம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுதிய எழுத்து மறுநாள் நமக்கே புரியாது என்பதால், வீட்டுக்கு வந்து தூங்கி எழுந்தவுடன் ஒருமுறை தெளிவுபடுத்திவிடுங்கள்.

தேடும் இடங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு பழைய புத்தகக் கடைக்காரர்கள் பலர் அல்லிக்குளம் வளாகத்துக்கு நகர்ந்தார்கள். அங்கே பொறுமையாகக் குனிந்து தேடினால் இன்றும் கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நாடக நூல்கள் பலவற்றை இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் உண்மையான புதையல் கடைகளில் இல்லை. பெரம்பூர், வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கங்களில் ஆலைகளிலும் ரயில்வே பட்டறைகளிலும் துறைமுகத்திலும் வேலை செய்துகொண்டே மாலையில் நாடகம் போட்டவர்களின் வீட்டுப் பரண்களில்தான் அது இருக்கிறது. பின்னி ஆலை மூடி ஏறக்குறைய முப்பது ஆண்டு ஆகிவிட்டதால், அந்தத் தலைமுறையினர் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர்கள் பரணைக் காலி செய்யும்போது நோட்டுகள் பழைய பேப்பர்காரரின் தராசுக்குப் போகின்றன.

அவர்களிடம் கேட்கும் முறை ஒன்று உண்டு. "ஐயா, உங்களிடம் பழைய நாடகம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால் "அதெல்லாம் எப்பவோ போச்சு தம்பி" என்ற பதில்தான் வரும். மாறாக, அவர் நடித்த வேடத்தைச் சொல்லி, அதில் ஒரு வசனத்தைத் தப்பாகச் சொல்லிப் பாருங்கள். அவர் திருத்துவார். திருத்தியது சரிதானா என்று அவருக்கே சந்தேகம் வரும். பேரனைப் பரணில் ஏறச் சொல்வார். இது சற்றே தந்திரம்தான், ஆனால் நான் இதனால் எவருக்கும் கெடுதல் செய்ததாக நினைக்கவில்லை. கிடைத்ததை அன்றே எடுத்துக்கொண்டு வந்துவிடக் கூடாது. அங்கேயே உட்கார்ந்து போனில் படம் எடுத்துக்கொண்டு, மூலப் பிரதியை அவரிடமே கொடுத்துவிட்டு, "உங்களுக்கு வேண்டாத காலத்தில் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்" என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காவல் துறை முத்திரை குத்தப்பட்ட பிரதி கண்ணில் பட்டால் தனியே கவனியுங்கள். 1954-ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் கீழ், சென்னையில் நாடகம் போடுவதற்கு முன் பிரதியைக் காவல் துறையிடம் கொடுத்து அனுமதி பெறும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. பரீக்ஷா நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்று அறிவித்தது. நடிகர்கள் வெறுத்த அந்த நடைமுறை, சேகரிப்பவருக்கு மட்டும் எதிர்பாராத ஓர் உதவியைச் செய்திருக்கிறது. அனுமதிக்காக ஒவ்வொரு குழுவும் முழு நாடகத்தையும் ஒழுங்காகத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. ஒத்திகை நோட்டுகளில் பாதிப் பக்கம் காணாமற்போன நாடகங்கள் சில, முத்திரையிட்ட பிரதியில்தான் முழுமையாகப் பிழைத்திருக்கின்றன. ஒரு சிக்கல் உண்டு. அனுமதிக்குக் கொடுக்கும் பிரதியில் சாதுவாக எழுதிவிட்டு மேடையில் வேறு பேசுவது நாடகக்காரர்களிடையே இருந்த பழக்கம். எனவே முத்திரைப் பிரதியையும் ஒத்திகை நோட்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடாமல் எதையும் இறுதி வடிவம் என்று நம்பிவிடாதீர்கள்.

அடுத்து, அடுக்கும் முறை. ஆசிரியர் பெயர் வரிசையில் அடுக்கினால் பார்வைக்கு நன்றாக இருக்கும், வேலைக்கு உதவாது. நாளை மறுநாள் ஒருவர் வந்து "நாலு பேர் இருக்கோம், ஒரு பொண்ணு, முக்கால் மணி நேரம், கரண்ட் இல்லாத இடம்" என்று சொல்லி நாடகம் கேட்பார். ஆகையால் நான் பாத்திரங்களின் எண்ணிக்கைப்படி அடுக்கியிருக்கிறேன்: மூன்று பேருக்குள், ஆறு பேருக்குள், அதற்கு மேல், கூட்டம் தேவைப்படுவது. ஒவ்வொரு பிரதியின் முன்னாலும் ஒரு தனித் தாளைச் செருகி, ஆண் பெண் பாத்திரங்களின் எண்ணிக்கை, ஓடும் நேரம், பாட்டு உண்டா, கட்டாயம் வேண்டிய பொருள்கள், முதலில் எங்கே எப்போது மேடையேறியது, இந்தப் பிரதி யாரிடமிருந்து வந்தது ஆகியவற்றை எழுதிவைக்கிறேன். இத்தாளைப் பிரதியோடு ஒட்டவோ பின் அடிக்கவோ கூடாது, வெறுமனே செருக வேண்டும். ஓடும் நேரத்தை மட்டும் மதிப்பீடு செய்யாமல், உரக்கப் படித்துக் கடிகாரம் பார்த்து எழுதுங்கள். மௌனமாகப் படிக்கும் கண்ணுக்கு எல்லா நாடகமும் அரை மணி நேரம்தான்.

பாதுகாப்பில் நம் ஊருக்கென்று உள்ள பகை கடற்காற்று. காசிமேடு, இராயபுரம், தண்டையார்ப்பேட்டை வீடுகளில் ஜன்னல் கம்பியே துருப்பிடித்து உதிரும்போது நோட்டின் நடுவிலிருக்கும் இரும்புப் பின் எம்மாத்திரம்? பிரதி வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, பின்களையும் கிளிப்புகளையும் மழுங்கிய கத்தி முனையால் மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே துளைகளில் பருத்தி நூலைக் கோத்து முடிச்சுப் போடுவது. கிழிந்த இடத்தில் செல்லோ டேப்பை ஒட்டாதீர்கள். சில வருடங்களில் டேப் உதிர்ந்து, அதன் பசை மட்டும் மஞ்சள் கறையாக எழுத்தைத் தின்றுகொண்டு தங்கிவிடும். லேமினேஷன் அதைவிட மோசம். என் முதல் நாடகத்தில் என் வசனங்களை மட்டும் எழுதிக் கொடுத்த பார்ட் பேப்பரைப் பெருமையோடு லேமினேட் செய்தேன். ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு தாள் உப்பி, இன்று அதைப் பிரிக்கவும் முடியாது, படிக்கவும் முடியாது.

பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். அந்துருண்டை போடுவதானால் துணியில் கட்டித் தட்டின் மூலையில் வைக்க வேண்டும், தாளின் மேல் நேராக வைக்கக் கூடாது. வசம்பும் காய்ந்த வேப்பிலையும் நம் பாட்டி காலத்துப் பழக்கம். நான் இன்னும் வைக்கிறேன். இவை எல்லாவற்றையும்விடப் பலன் தருவது, மாதம் ஒருமுறை ஒவ்வொரு பிரதியையும் கையில் எடுத்துப் பக்கங்களை விசிறி விடுவதுதான். இராமபாணப் பூச்சிக்குப் பிடித்தது யாரும் தொடாத நோட்டு.

பைண்டிங் செய்வதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பைண்டிங் செய்பவர்கள் நோட்டை அழகாக்குவதற்காக மூன்று பக்கமும் கட்டிங் மிஷினில் வெட்டிவிடுவார்கள். நடிகனின் குறிப்புகள் முழுக்க ஓரத்தில் இருப்பதால், அந்த அரை அங்குலத்தோடு நாடகத்தின் பாதி குப்பைக்குப் போய்விடும். என் நண்பர் ஒருவரின் நோட்டில் "மெல்லத் திரும்பி" என்று இருந்தது "மெல்லத் தி" என்று ஆகிவிட்டது. உள்பக்க ஓரத்தைக் குத்தித் தைப்பதும் இதே சேதத்தைச் செய்யும். ஆகவே, "வெட்ட வேண்டாம், மடிப்பில் தைத்தால் போதும், அட்டையைப் பெரிதாகப் போடுங்கள்" என்று நேரில் நின்று சொல்லுங்கள். மண்ணடியில் எனக்குத் தெரிந்த வயதான பைண்டர் ஒருவர் மைதாப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலப்பார். "பூச்சி கிட்ட வராது நைனா, ஆனா கொழந்தைங்க கைல குடுத்துடாத" என்று ஒவ்வொரு முறையும் மறக்காமல் சொல்வார். மயில்துத்தம் விஷம் என்பதால் அவர் சொல்வது சரி.

வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது தரைத்தளத்தில் ஒரு டிரங்குப் பெட்டியை வைத்திருந்தேன். கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் வராது என்று நான் போட்ட கணக்கு தவறியது. பெட்டியைத் திறந்தபோது கண்ட காட்சி விசித்திரமானது: இங்க் பேனாவால் எழுதிய நோட்டுகள் வெளிர் நீலத் தாள்களாகிவிட்டன, பால்பாயிண்ட் பேனாவால் எழுதியவை அப்படியே இருந்தன, ஸ்டென்சில் வெட்டி உருட்டிய சைக்ளோஸ்டைல் பிரதிகளுக்கும் மங்கலான கார்பன் காப்பிகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மை எண்ணெயில் கரைந்ததா, நீரில் கரைந்ததா என்பதே வித்தியாசம். அதிலிருந்து நான் குறிப்பெழுத இரண்டே பொருள்களைத்தான் பயன்படுத்துகிறேன்: 2பி பென்சில், கறுப்புப் பால்பாயிண்ட்.

நனைந்த பிரதியை உடனே பிரித்துப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். ஈரத் தாள் சொந்த எடையிலேயே கிழியும். மூடியபடியே எடுத்து, இரு உள்ளங்கைகளுக்கு இடையில் மெல்ல அழுத்தி நீரை வடித்துவிட்டு, இரண்டு நாளுக்குள் உலர்த்த முடியாதவற்றைப் பாலிதீன் கவரில் தனித்தனியாகப் போட்டு ஃபிரீஸரில் வைத்தால் பூஞ்சை பிடிக்காது. எங்களுக்கோ நாள்கணக்கில் மின்சாரமே இல்லை. காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் தெர்மோகோல் ஐஸ் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்பது நோட்டுகள் வஞ்சிர மீனின் இடத்தில் மூன்று நாள் கிடந்தன. பிறகு எட்டுப் பத்துப் பக்கங்களுக்கு ஒரு வெள்ளைத் தாளைச் செருகி, மின்விசிறிக் காற்றில், வெயில் படாமல் உலர்த்தினேன். செருகுவதற்குச் செய்தித்தாள் வேண்டாம். அதன் மை ஒட்டிக்கொள்ளும். ஒன்பதில் ஏழு பிழைத்தன. மீன் வாசனை போகவில்லை.

ஆகவே, நகல் எடுப்பதை ஒத்திப்போடாதீர்கள். போன் போதும். காலை வெளிச்சத்தில், ஜன்னலோரம், பிளாஷ் இல்லாமல் எடுங்கள். ஸ்கேன் செய்யும் செயலிகள் தாமாகவே படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி "தெளிவு" படுத்தும்; அந்தத் தெளிவில் பென்சில் குறிப்புகள் மறைந்துபோகும், சிவப்பு மை எது நீல மை எது என்பதும் தெரியாது. வண்ணத்திலேயே வையுங்கள். காலிப் பக்கத்தையும் பின்னட்டையையும் விடாதீர்கள். டீக்கடைக் கணக்கும், வராதவர்களின் பெயரும் அங்கேதான் இருக்கும். தொண்ணூறுகளில் கணினியில் அடித்த நாடகங்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கிடந்தால், இன்றே யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். கோப்புகளின் ஒரு நகல் வேறொருவர் வீட்டில் இருக்க வேண்டும், அதுவும் முடிந்தால் மாடி வீட்டில்.

சேர்த்ததை வாசிக்கவும் வேண்டுமல்லவா? நான் ஒரு பிரதியை மூன்று முறை வாசிக்கிறேன். முதல் முறை, கதையைத் தெரிந்துகொள்ள. இரண்டாம் முறை, நான் நடிக்கப்போகாத பாத்திரமாக. பெரும்பாலும் மிகக் குறைவாகப் பேசும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அவர் மேடையில் சும்மா நிற்கும் நேரமெல்லாம் என்ன செய்துகொண்டிருப்பார் என்று யோசிப்பேன். நவீன நாடக ஆசிரியர் ந. முத்துசாமியின் நாடகங்களைப் படிக்க முயன்று "ஒன்றும் புரியவில்லை" என்று மூடிவைத்தவர்கள் இந்த முறையைப் பின்பற்றிப் பாருங்கள். வசனத்தின் பொருளைத் துரத்துவதை விட்டுவிட்டு, உடம்பு எங்கே நிற்கிறது என்று கவனித்தால் கதவு திறக்கும். மூன்றாம் முறை, அடித்தல் திருத்தல்களை மட்டும். எந்த வரி போயிற்று, எது இடம் மாறிற்று, எந்த இடத்தில் "கைதட்டல், நில்" என்று எழுதியிருக்கிறது என்பதை வரிசையாகப் பார்த்தால், நாம் சந்தித்தேயிராத ஒரு குழுவின் ஒத்திகையில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பது போலிருக்கும்.

மேடையேற்ற விரும்பினால் உரிமையைக் கேட்டுவிடுங்கள். நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு வரை உரிமை அவருடைய வாரிசுகளுக்கு உண்டு. நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்துகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பெரும்பாலான நாடக ஆசிரியர்கள் காசு கேட்பதில்லை, முன்வரிசையில் ஒரு நாற்காலிதான் கேட்பார்கள்.

இரவல் விஷயத்தில் நான் கறாரானவன். ஒரு கல்லூரிக் குழுவை நம்பிக் கொடுத்த மூல நோட்டு ஒன்று திரும்பி வரவேயில்லை. பல மாதம் கழித்து அதன் ஜெராக்ஸ் மட்டும் வந்தது, அதுவும் இரண்டு பக்கம் குறைந்து. அன்றிலிருந்து மூலப் பிரதி வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. கேட்பவர் எவராயிருந்தாலும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து, பெயரையும் தேதியையும் ஒரு பழைய கணக்கு நோட்டில் எழுதிக்கொள்கிறேன். நாடகம் முடிந்த மறுவாரம் போன் செய்து அந்த ஜெராக்ஸைத் திருப்பிக் கேட்கிறேன். "அதுல எல்லாம் கிறுக்கி வெச்சிருக்கோம் சார், புதுசா ஒண்ணு எடுத்துத் தரோம்" என்பார்கள். வேண்டாம், அந்தக் கிறுக்கினதையே கொண்டுவாருங்கள் என்று சொல்லி வாங்கி, மூலத்துக்குப் பக்கத்தில், அதே தட்டில் வைக்கிறேன்.